நலன் அறிவிப்பு

கூட்டம் பத்து மணிக்கு.
முதல் கால் மணி நேரம் நலன் அறிவிப்புக்கே போய்விடும்.
உறுப்பினர் லியோ: நிதிச் செயலர் என் மருமகன்.
உறுப்பினர் பெஞ்சமின்: கப்பல் முகவர் என் மைத்துனன்,
இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
தலைவர் டல்சி குரோவி
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து
சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.
எனக்கு ஏதுமில்லை, என்றார்.
தட்டச்சு செய்தேன்: ஏதுமில்லை.

நாலாயிரம் பேர் வாழும் பாறை இது,
தென் அட்லாண்டிக்கின் நடுவில்.
நலன் இல்லாத ஒருவரைத் தேடினால்
கல்லறைக்குத்தான் போகவேண்டும்;
அங்கேயும் எல்லைத் தகராறு.

இன்றைய பொருள்: வளர்ச்சித் திட்டம், பக்கம் நாற்பத்தொன்று.
எழுதிய ஆலோசகர் பதினோரு நாள் இருந்தார்,
அதில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு.
ஆள் போன பிறகு
பக்கங்கள் மட்டும் வழவழப்பாகத் திரும்பி வந்தன.

'ஆண்டுக்கு ஒன்பதாயிரம் பயணிகள் என்கிறீர்கள்.
தீவில் எத்தனை கட்டில்?'
செயலர் மெரில் யோன் கண்ணாடியைத் துடைத்தார்.
'அது ஒரு கணிப்பு, தலைவர் அவர்களே.'
'கணிப்பில் யாரும் படுக்க முடியாதே.'
யாரோ சிரித்தார்கள்.
பதிவேட்டில் சிரிப்புக்குக் கட்டம் கிடையாது.

'முட்டை விலை?'
'சந்தை தீர்மானிக்கும்.'
சந்தை என்றால் ஒரு கடை.
கடை என்றால் ஒரு கப்பல்.
கப்பல் என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை,
எஞ்சினுக்கு மனமிருந்தால்.

பொதுமக்களுக்கு ஆறு நாற்காலி.
ஒன்றில் மட்டும் ஆள்: ஹென்சில்,
சூரை பிடிப்பவர், ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல்.
அனுமதியில்லாமல் பேசினார், அதனால் நான் எழுதவில்லை.
எழுதாததால்தானோ என்னவோ, மறக்கவுமில்லை:
'குளிர்கிடங்கு ஓடுதுன்னு போட்டிருக்கீங்க.
முந்தாநாள் பிடிச்ச மீனை
நேத்து கடல்லயே கொட்டினேன்.'

செயலர் தாளைப் புரட்டினார்.
புரட்டினார்.

'கூட்டம் கலையவில்லை,' டல்சி எழுந்தார்,
'இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.'
ஐந்து உறுப்பினரும்
குழந்தைகளின் இருக்கையில் முழங்கால் மடக்கி.
கடைசி வரிசை ஜன்னலோரம்
தண்டிக்கப்பட்ட பையனைப்போல் செயலர்.
மடியில் மடிக்கணினியோடு நான்,
வளைவுக்கு வளைவு எழுத்துப்பிழையாய்.

கிடங்குக் கதவு சிணுங்கித் திறந்தது.
வெப்பமானியைப் படித்தார்கள்: பதினெட்டு.
'கழித்தல் பதினெட்டா?' என்று லியோ கேட்டார்,
மருமகனுக்காக, கொஞ்சம் நம்பிக்கையோடு.
வெறும் பதினெட்டு.
உள்ளே சில வெங்காய மூட்டைகள்,
போன திருவிழாவின் அட்டைத் திமிங்கலம்,
நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு படகு எஞ்சின்.

டல்சிதான் தார்ப்பாயைத் தூக்கினார்.
வெள்ளைப் பெயிண்டில் பெயர்: ராய்ஸ்டன் குரோவி.

மீன் வாசனைகூட இல்லாத அந்த அறையில்
அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
'எழுதுங்கள். நலன் அறிவிக்கிறேன்.
என் தம்பியுடையது.
வாடகை கட்டினானா எனக்குத் தெரியாது, கேளுங்கள்.
கேட்காமல் விடாதீர்கள்.'
சாவிக்கொத்தை லியோவின் கையில் திணித்துவிட்டு
வெளியே போனார். காற்றுக்கு முதுகைக் காட்டி
அரைமணி நேரம் நின்றார், யாருக்கும் முகம் காட்டாமல்.

லியோ தொண்டையைச் செருமினார்.
பதில் சொல்ல வந்த செயலர்
'மாமா' என்று தொடங்கி
'உறுப்பினர் அவர்களே' என்று திருத்திக்கொண்டார்.
உதிரிபாகம் மார்ச்சில் கேட்டது,
வந்தது வேறு அளவு,
திருப்பி அனுப்பக் கப்பலில் இடமில்லை.
பெஞ்சமின் மட்டும் மைத்துனன் பெயரைச் சொல்லி
பெருமூச்சு விட்டார்.

அறிக்கை பதினாறு பக்கம்.
அரசின் பதில் ஒரே வரி:
பரிந்துரை கவனத்தில் கொள்ளப்பட்டது.
ஆனால் ஹென்சில் சொல்கிறார்,
ராத்திரியில் கிடங்குப் பக்கம் ஏதோ உறுமுகிறதாம்.
மோட்டாரா, கடலா, அவருக்கும் உறுதியில்லை.

பதிவேட்டைத் திருத்தக் கூடாது என்பது விதி.
முதல் பக்கத்தில் 'ஏதுமில்லை' அப்படியே இருக்கிறது,
ஒன்பதாம் பக்கத்தில் மற்றது.

வெங்காய மூட்டை யாருடையது என்று
கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.
எழுத்தர் நலன் அறிவிக்க
எந்த விதியிலும் இடமில்லை.